துணிக்கூரையைத் தகரமாக எண்ணலாமா?

கடந்த மாதம் இலண்டனில் வாழும் பள்ளித்தோழர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் அவர், இளமைக்கால ஆசை ஒன்றைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டு 1970களில் தயாரான எம்ஜிபி ரகத் திறந்த கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் துணிக்கூரை நைந்துபோயிருந்தமையால் சென்ற ஆண்டின் இறுதியில் புதியதொரு வைனில் கூரையைத் தாமே வாங்கிப் பொருத்தியிருக்கிறார். பொருத்திய மறுநாளே அதை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, குளிர்காலம் முழுவதும் காரைக் கொட்டகையில் பூட்டிவைத்துவிட்டார். வசந்தம் பிறந்து கூரையை விரித்தபோது அது முன்கண்ணாடியின் மேற்சட்டத்தை எட்டவில்லை. "மச்சான், ரெண்டு விரல் இடைவெளி கிடக்குது. பழுதான சாமானை வித்துப்போட்டான் எண்டு கடைக்காரனோட சண்டை பிடிக்கட்டோ?" என்று கேட்டிருந்தார்.

சண்டை பிடிக்க வேண்டாம் என்று பதில் எழுதினேன். பழுது கடைக்காரரிடம் இல்லை, உம்மிடம்தான் இருக்கிறது என்பதையும் பழைய உரிமையோடு சேர்த்து எழுதினேன். அந்தப் பதிலின் விரிவே இக்கட்டுரை.

நான் மோட்டார் பொறியியல் படித்தவனல்லன். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம், அதன்பின் பத்திரிகை அலுவலகம் என்று வாழ்க்கை கழிந்துவிட்டது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மொறிஸ் மைனர் திறந்த காரை வைத்திருப்பவன். அதற்கு மூன்று முறை கூரை போட்டவன். முதல் முறை முழுத் தவறாகவும், இரண்டாம் முறை பிறர் தயவால் சரியாகவும், மூன்றாம் முறை ஓரளவு விளங்கியும் செய்தேன். இதில் நான் கண்டுகொண்டது ஒன்றே. திறந்த காரின் கூரை கெட்டுப்போவதற்குக் காரணம் வெயிலோ மழையோ மட்டுமன்று. அது துணி என்பதை மறந்து, காரின் ஏனைய உடலைப் போல அதையும் தகரமாக நினைத்து நடத்துகின்ற நமது மனப்போக்கே முதற்காரணம்.

மொறிஸ் மைனரைப் பற்றி எங்கள் தலைமுறையினருக்கு அறிமுகம் தேவையில்லை. பிற்காலத்தில் மினி காரை வடிவமைத்துப் புகழ்பெற்ற அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பில் உருவான இக்கார், 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. மூடிய காரோடு திறந்த காரும் ஆரம்பத்திலிருந்தே தயாரிக்கப்பட்டது. திறந்த காரின் உற்பத்தி 1969வரை நீடித்தது. எல்லா வகைகளையும் சேர்த்து 16 இலட்சத்துக்கும் அதிகமான மைனர்கள் வெளிவந்தன. இலங்கையில் மருத்துவர்களிடமும் ஆசிரியர்களிடமும் தோட்டத்துரைமார்களிடமும் இருந்த இந்தக் கார், யாழ்ப்பாணத்தின் ஒழுங்கைகளில் ஏ40 காருக்கும் சோமசெற்றுக்கும் இணையாக ஓடியது. 1990இன் பின்னரான பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் இதை ஓட்டிய கதையை அன்று அங்கு வாழ்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

என் பெரியப்பாவின் காரும் அப்படி ஓடியதுதான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது காரை இயக்குவதற்கு வீட்டில் எரிபொருள் இருக்கவில்லை. எதையெதை எடுப்பது என்று எல்லோரும் பதறிக்கொண்டிருந்த வேளையில் பெரியப்பா குறடும் ஸ்குரூ டிரைவருமாகக் கார்க்கொட்டிலுக்குள் நின்றார். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, காரின் ஹூட்டைக் கழற்றி, சுருட்டி, சைக்கிள் கரியரில் கட்டினார். இந்த நேரத்தில் இது என்ன வேலை என்று பெரியம்மா ஏசியது இன்னும் என் காதில் இருக்கிறது. செம்மணி வெளியைக் கடக்கும்போதே மழை தொடங்கிவிட்டது. தென்மராட்சியில் பாடசாலைகளும் கோவில்களும் நிரம்பி வழிந்தன. முதல் ஆறு இரவுகள் ஒரு மாமரத்தின் கீழ் அந்தக் ஹூட்டைக் கயிற்றில் இழுத்துக் கட்டித்தான் அப்பாச்சியையும் மூன்று சிறுபிள்ளைகளையும் படுக்கவைத்தோம். ஒரு கட்டிலின் அளவே உள்ள துணி அது. நாங்கள் பெரியவர்கள் நனைந்தோம், அவர்கள் நனையவில்லை.

1996இல் திரும்பிச் சென்றபோது கார் நின்ற இடத்திலேயே நின்றது. ஆசனங்களைக் காணவில்லை. ஹூட் கிழிந்து உருக்குலைந்திருந்தது. பெரியப்பா அதைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. தென்னோலைக் கிடுகால் கொட்டிலை வேய்ந்து காரை உள்ளே விட்டார், அவ்வளவுதான்.

அவர் காலமான பின்னர், ஏ9 பாதை திறந்திருந்த 2003ஆம் ஆண்டில் அந்தக் கார் லொறியில் கொழும்புக்கு வந்து என் பொறுப்பில் சேர்ந்தது. என்ஜினைத் திருத்தினோம். பெயின்ற் அடித்தோம். கூரைக்கு என்ன செய்வது என்று கேட்டபோது கராஜ்காரர் மிக எளிதாக ஒரு வழி சொன்னார். உடைத்துப்போட்ட மூடிய மைனர் ஒன்றின் தகரக் கூரையை வெட்டியெடுத்து இதன்மேல் வெல்டிங் செய்துவிட்டால், ஒழுக்குமில்லை, களவு பயமுமில்லை, வாழ்நாள் முழுவதற்கும் கவலையுமில்லை என்றார். உண்மையைச் சொல்வதானால் நான் பாதி சம்மதித்துவிட்டேன். அன்றிரவு தொலைபேசியில் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது தகரமா இருந்திருந்தா உன்ர பெரியப்பா எப்படியடா கழட்டிக்கொண்டு வந்திருப்பார்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் கராஜ்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் தகரக் கூரையை மறுத்துவிட்ட நான், துணிக்கூரையைத் தகரமாகவே நடத்தினேன் என்பதுதான் வேடிக்கை. நகரின் புறத்தே ஒரு கடையில் முச்சக்கர வண்டிக்குப் போடும் ரெக்சினையே வாங்கி, ஒரே நாளில் தைத்து, மேளத்தோல் போல இறுக்கி அடித்துத் தரும்படி நானே கேட்டேன். சுருக்கம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று நின்றவனும் நானே. மாலையில் பெருமையோடு அதை மடித்துவிட்டுக் காலிமுகத்திடல்வரை ஓட்டிச் சென்றேன். நான்கு மாதங்களில் வளைகம்பிகளின் மேலே துணி வெடித்தது. தையல் துளைகளால் நீர் இறங்கியது. கடற்காற்றில் சாதாரண இரும்பு ஸ்ரேப்பிள்கள் துருவேறிக் கறையோடு கழன்றன.

ஒழுக்கினால் ஆசனம்தானே நனையும் என்று அலட்சியமாக இருந்தேன். அதுதான் பெரிய தவறு. மூடிய காரில் கூரையும் உடலின் பலத்தில் பங்கெடுக்கிறது. கூரையில்லாத காருக்கு அந்தப் பலத்தைத் தளமும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டங்களும் ஈடுசெய்ய வேண்டும். அதனாலேயே மைனரின் திறந்த காருக்கு அவ்விடங்களில் மேலதிகத் தகடுகள் வைத்துப் பலப்படுத்தியிருந்தார்கள். ஹூட்டின் வழியாக இறங்கும் நீர் கம்பளத்தின் கீழ் தேங்கித் தின்பது சரியாக அந்த இடங்களைத்தான். கதவு திறந்தால் மூட மறுக்கிறது, மூடினால் திறக்க மறுக்கிறது என்ற நிலை வரும்போது, காரின் நடு முதுகு தொய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு துண்டுத் துணியில் மிச்சம்பிடித்த பணத்தைப்போலப் பல மடங்கை நான் தளத்துக்குச் செலவிட்டேன்.

இரண்டாம் முறை எனக்கு வாய்த்தவர் ஒரு வயதான குஷன் பாஸ். அவர் முதலில் துணியைத் தொடவே இல்லை. கதவுகளின் இடைவெளியைப் பார்த்தார். கண்ணாடிகளை உயர்த்தச் சொன்னார். வளைகம்பிகளை விரித்து, முன்சட்டத்தைக் கொளுவி, இருபுறமும் நாடாவால் அளந்தார். வலப்பக்கம் தாழ்ந்திருந்தது. முன்சட்டத்தின் மரம் ஓர் அந்தத்தில் உக்கியிருந்தது. அவற்றைத் திருத்தாமல் எவ்வளவு நல்ல துணி போட்டாலும் பயனில்லை என்றார். அடுத்ததாக, கம்பிகளைத் தம் இடத்தில் நிறுத்திவைக்கும் நாடாப்பட்டிகளைப் புதிதாக மாற்றினார். பழைய பட்டி இழுபட்டு நீண்டிருந்தால் கம்பி தன் இடத்தைவிட்டு நகரும். கம்பி நகர்ந்தால் துணி தவறான இடத்தில் பாரத்தைத் தாங்கும். நான் முதல் முறை இந்தப் பட்டிகளைக் கண்டதாகவே நினைவில்லை.

பின்னர் தைத்த வைனில் கூரையை அரைமணி நேரம் வெயிலில் விரித்துவைத்தார். வைனில் வெம்மையில் இளகும். குளிர்ந்த நிலையில் இழுத்தால் வேண்டிய அளவுக்கு வராது, அல்லது கிழியும். துணியிலும் சட்டத்திலும் நடுக்கோட்டைச் சோக்கினால் குறித்தார். பின்னால் நடுவில் ஓர் ஆணி, முன்னால் நடுவில் ஓர் ஆணி, பின்னர் இடமும் வலமும் மாறி மாறி வெளிப்புறமாக. எல்லாமே பாதிவரை அடித்த ஆணிகள். தையற்காரர் முதலில் ஓட்டுத்தையல் போடுவதைப் போல என்று விளக்கினார். சுருக்கம் தெரிந்த இடத்தில் பிடுங்கி மறுபடி அடித்தார். பிறகு முன்சட்டத்தின் விளிம்பைத் துணியில் குறித்துக்கொண்டு, கொளுவியை விடுவித்து, அந்தக் கோட்டைச் சற்றே தாண்டி இழுத்து நிலையாக அடித்தார். மீண்டும் கொளுவும்போது கடைசி இறுக்கம் தானாகவே வந்து சேர்ந்தது. மேலதிகத் துணியை வெட்டியது எல்லாவற்றுக்கும் கடைசியாக. நான் அவசரப்பட்டபோது, வெட்டினதை ஒட்ட முடியாது தம்பி என்றார். முழு வேலைக்கும் நான்கு நாட்கள் சென்றன. மூன்று வாரங்களுக்கு ஹூட்டை மடிக்கவே கூடாது என்று கட்டளையிட்டு அனுப்பினார். துணி தன் சட்டத்தின் வடிவத்துக்குப் படிவதற்கு அந்தக் காலம் தேவை. அந்தக் ஹூட் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தது.

என்ன துணி நல்லது என்று பலரும் கேட்பார்கள். வைனில் விலை குறைவு, கழுவுவது எளிது, மைனர், எம்ஜிபி போன்ற கார்களுக்குப் பொருத்தமானது. ஆனால் அதற்கு நெகிழ்ச்சி தரும் இரசாயனம் வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். அதன்பின் அது விறைத்துச் சுருங்கும். மொஹேர் என்று விற்கப்படும் நெசவுத்துணியில் இரண்டு துணி அடுக்குகளுக்கிடையே இறப்பர்ப் படலம் இருக்கும். பெயர் ஆட்டு உரோமத்தைக் குறித்தாலும் இன்று அது பெரும்பாலும் செயற்கை இழையே. விலை அதிகம், ஆனால் மடிப்பைத் தாங்கும், வெப்பதட்பத்துக்குச் சுருங்குவது குறைவு. என் மூன்றாவது ஹூட் அவ்வகைத் துணியால் ஆனது. எந்தத் துணியானாலும் நூல் வெயிலைத் தாங்கும் பொலியெஸ்ரர் நூலாகவும், ஆணியும் ஸ்ரேப்பிளும் துருப்பிடிக்காத உலோகமாகவும் இருக்க வேண்டும். கடல் சூழ்ந்த நாட்டில் வாழும் நாம் இதில் சிக்கனம் பார்க்க முடியாது.

பராமரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றுள் முதன்மையானது, நனைந்த ஹூட்டை மடிக்கக் கூடாது என்பது. ஈரச்சேலையைச் சுருட்டி அலுமாரிக்குள் வைக்கும் ஒருவரை நாம் காணமாட்டோம். ஆனால் மழைவிட்டதும் ஈரக் ஹூட்டை மடித்துவிட்டுக் காற்று வாங்கப் போகும் கார்க்காரர்கள் ஏராளம். கொழும்பின் ஈரப்பதத்தில் இரண்டே நாட்களில் பூஞ்சணம் பிடித்துவிடும். பிடித்த கறை பின்னர் போகாது. மடிக்கும்போது மடிப்புகள் கம்பிகளுக்கிடையே நசிபடாமல் கையால் ஒழுங்குபடுத்த வேண்டும். பின்பக்கத்துப் பிளாஸ்ரிக் சாளரத்தின்மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை விரித்து மடித்தால் கீறல் விழாது. குளிர்நாடுகளில் வாழும் நண்பர்கள் உறைகுளிரில் அந்தச் சாளரத்தை மடிக்கவே கூடாது, வெடித்துவிடும்.

கழுவுவதற்கு மென்மையான சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான நீரும் மென்தூரிகையும் போதும். பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவற்றைக் ஹூட்டின் அருகேகூடக் கொண்டுசெல்ல வேண்டாம். காருக்குப் பூசும் மெழுகு துணிக்கு உரியதன்று. நெசவுத்துணிக்கெனவுள்ள நீர்தடுப்பானை, நீர் முத்து முத்தாக உருளாமல் ஊறத் தொடங்கும்போது பூசினால் போதும். அழுத்தமாக நீர் பீச்சும் இயந்திரம் தையலைப் பிரித்துவிடும். காக்கை எச்சத்தைச் சுரண்டாமல், ஈரக் கடதாசியைச் சிறிது நேரம் அதன்மேல் வைத்து இளகவிட்டு எடுக்க வேண்டும்.

காரை மூடிவைக்கும் முறையிலும் நாம் தவறு செய்கிறோம். தறப்பாளோ பொலித்தீனோ போட்டு இறுக மூடினால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். நிலத்திலிருந்து எழும் ஈரம் உள்ளே அகப்பட்டு ஹூட்டை அவிக்கிறது. பெரியப்பாவின் கிடுகுக் கொட்டில் இதைவிட எவ்வளவோ மேல். வெயில் உள்ளே வராது, மழை வராது, காற்று மட்டும் தாராளமாக வந்துபோகும். துணிக்கு வேண்டியது அதுதான்.

இனி என் நண்பரின் கேள்விக்கு வருவோம். எம்ஜிபி 1962 தொடக்கம் 1980வரை, மூடிய வகையையும் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட கார். அவருடைய துயரம் அக்கார்க்காரர்கள் பலருக்குப் பழக்கமானதே. மடித்தபடி குளிரில் மாதக்கணக்காகக் கிடந்த வைனில் சுருங்கத்தான் செய்யும். நல்ல வெயில் நாளில் காரை வெளியே விட்டு, ஹூட்டைத் தளர்வாக விரித்து, கண்ணாடிகளை உயர்த்தி, உள்ளே வெப்பம் ஏற விட வேண்டும். இளகியதும் கொளுவ முயல வேண்டும். எட்டாவிட்டால் மறுநாளும் முயல வேண்டும். ஒரே மூச்சில் பலத்தைக் காட்டினால் தையல் போய்விடும். கொளுவிய பின் சில வாரங்கள் அப்படியே விட வேண்டும். எதிர்வரும் குளிர்காலத்தை ஹூட் விரித்த நிலையிலேயே கழிக்க வேண்டும். இதையே அவருக்கு எழுதினேன். இரண்டு வாரங்களின் பின், மூன்றாம் நாள் கொளுவி ஏறியது என்று பதில் வந்தது.

தொழிற்சாலையில் போட்ட மூலத்துணியைத் தொடக் கூடாது, அது போனால் காரின் மதிப்பே போய்விடும் என்று வாதிடுவோரும் உள்ளனர். அவர்களுடைய பற்றை மதிக்கிறேன், கருத்தை ஏற்கமாட்டேன். ஹூட் என்பது ரயரைப் போலத் தேய்வதற்கென்றே வைத்த பாகம். நைந்த மூலத்துணியைக் காப்பாற்றப்போய் மூலத்தளத்தை உக்கவிடுவது என்ன கணக்கு? துணியை மாற்றலாம்; சட்டத்தையும் வளைகம்பியையும் அவற்றின் அளவையும் காப்பாற்ற வேண்டும். காரின் மூலத்தன்மை அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு விடயத்தையும் சொல்லாமல் முடிக்க முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, இந்நாட்டில் பழைய வாகனங்களின் விலை வானளவு உயர்ந்ததை அறிவோம். அத்தகைய காருக்குப் பெயின்ற் அடிக்கவும் குரோமியம் பூசவும் இலட்சக்கணக்கில் கொடுப்பவர்கள், நான்கு நாள் குனிந்திருந்து ஹூட் அடிக்கும் குஷன் பாஸிடம் ஆயிரம் ரூபாய்க்குப் பேரம் பேசுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். துணி வேலைதானே என்பது அவர்களின் வாதம். எனக்கு ஹூட் அடித்தவர் இப்போது இல்லை. அவருடைய மகன் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். தந்தையின் தொழிலை ஏன் கற்கவில்லை என்று கேட்டேன். ஒரு நாளில் முடித்துக் கொடுப்பவனுக்குத்தான் ஆட்கள் வருகிறார்கள், அப்பாவுக்கு நான்கு நாள் தேவைப்பட்டது என்றார். 2003இல் ஒரே நாளில் முடித்துத் தரும்படி கேட்டவன் நான் என்பதால், அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

மூன்றாவது ஹூட்டுக்காக நான் பஞ்சிகாவத்தையில் தொடங்கி மூன்று மாதங்கள் அலைந்தே ஓர் ஆளைக் கண்டுபிடித்தேன். நான்காவதற்கு ஆள் கிடைப்பாரோ தெரியாது. ஆகவே, இலங்கையிலோ வெளிநாட்டிலோ பழைய திறந்த கார் ஒன்றை வைத்திருக்கும் வாசகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் ஊரில் இந்த வேலையை ஆறுதலாகச் செய்யத் தெரிந்த ஒருவர் இருந்தால், அவர் கேட்கும் நாட்களையும் கூலியையும் குறைக்காமல் கொடுங்கள். முடியுமானால் அவர் அருகில் ஓர் இளைஞனையும் இருத்தி, அவனுக்கும் நாட்கூலி கொடுங்கள். துணிக்கூரை பன்னிரண்டு ஆண்டுகளில் எப்படியும் நைந்துபோகும்; அடுத்ததை அடிப்பதற்கு அந்த இளைஞன் தேவைப்படுவான் என்பதே எனது பணிவான கருத்து.